மூட்டுவாதம் உள்ள குழந்தைக்கு ரத்த அழுத்தம் பார்ப்பது எப்படி: கை, உயரம், மருந்து

நாள்பட்ட மூட்டுவாதம் உள்ள ஒரு குழந்தையின் கோப்பைப் பிரித்தால் வீங்கிய மூட்டுகளின் எண்ணிக்கை இருக்கும். உடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகிய ரத்தப் பரிசோதனைகளின் அளவுகள் இருக்கும். கண் பரிசோதனை செய்த தேதி இருக்கும். ரத்த அழுத்தத்துக்கான கட்டத்தில் மட்டும் பல நேரம் ஒரு கோடு கிழிக்கப்பட்டிருக்கும், அல்லது ‘குழந்தை அழுதது’ என்று எழுதியிருக்கும். குழந்தைகள் மூட்டுவாதப் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கும் எனக்கு அந்தக் கோட்டைப் பார்த்தாலே மனம் ஆறாது. நாம் கொடுக்கும் மருந்துகளில் பாதி ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. அவற்றைக் கொடுத்துவிட்டு அழுத்தத்தைப் பார்க்காமல் விடுவது எந்த வகையிலும் சரியல்ல.

இதைப் பெற்றோருக்காக எழுதுகிறேன். வீட்டில் கருவி வைத்திருப்பவர்களுக்கும், மருத்துவமனையில் குழந்தையின் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இது உதவும். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: எந்தக் கையில் எப்படிப் பார்த்தோம், குழந்தையின் உயரம் என்ன, இப்போது என்னென்ன மருந்து உள்ளே போகிறது ஆகிய மூன்றும் பக்கத்தில் இல்லாத எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

அழுத்தம் ஏன் ஏறுகிறது

பெரும்பாலும் காரணம் மருந்துதான். இபுபுரோஃபன், நாப்ராக்ஸன், இண்டோமெத்தசின் போன்ற வலி, வீக்க மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுக்கின்றன. மூட்டில் வீக்கம் குறைவது அதனால்தான். ஆனால் சிறுநீரகத்தின் ரத்தக் குழாய்களை விரித்து வைத்து உப்பை வெளியேற்றவும் அதே பொருள்தான் தேவைப்படுகிறது. அது குறைந்தால் உப்பும் நீரும் உடலில் தங்கும்.

பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டுகள் உப்பைத் தங்கவைப்பதோடு, ரத்தக் குழாய்களைச் சுருங்கத் தூண்டும் சுரப்புகளுக்கு அந்தக் குழாய்கள் இன்னும் வேகமாக இணங்கும்படியும் செய்கின்றன. பசியைக் கூட்டி எடையையும் ஏற்றுகின்றன. நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் சிறுநீரகத்துக்குப் போகும் குழாய்களை நேரடியாகவே சுருக்கும். லெஃப்ளுனமைடும் அழுத்தத்தைக் கூட்டும் மருந்துதான். வாரம் ஒரு முறை கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் பொதுவாக அழுத்தத்தை ஏற்றுவதில்லை. ஆனால் அது சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகம் தளர்ந்தால் மருந்து உடலில் தேங்கும் என்பதால் அதற்கும் கண்காணிப்பு வேண்டும்.

நோயின் பங்கும் உண்டு. வலியோடு இருக்கும் குழந்தைக்கு அழுத்தம் கூடும். தூக்கம் கெடும், ஓடியாடுவது குறையும். காய்ச்சலோடு வரும் சிஸ்டமிக் வகை மூட்டுவாதம் பல ஆண்டுகள் அடங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் அமிலாய்டு என்ற புரதம் சிறுநீரகத்தில் படியலாம். இன்றைய மருந்துகள் வந்த பிறகு இது அரிதாகிவிட்டது. ஆனாலும் சிறுநீர் நுரைத்துக்கொண்டு போனாலோ, காலையில் கண்ணிமைகள் வீங்கியிருந்தாலோ சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்ப்பது எளிய பரிசோதனை. அழுத்தம் ஏறிய எந்தக் குழந்தைக்கும் அதைக் கேட்டு வாங்கலாம்.

பட்டையும் கையும்

மற்றக் குழந்தைகளுக்கான விதிமுறை எளிது. குழந்தையை உட்காரவைத்து, முதுகுக்குச் சாய்மானம் கொடுத்து, பாதங்கள் தரையில் படும்படி, கால்மேல் கால் போடாமல், 3 முதல் 5 நிமிடம் அமைதியாக இருக்கவிட்டு, வலது கையை இதயத்தின் மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எந்த அளவு இயல்பு என்று சொல்லும் அட்டவணைகள் வலது கையை வைத்துத் தயாரிக்கப்பட்டவை என்பதால்தான் வலது கை.

மூட்டுவாதக் குழந்தையிடம் இந்த விதிமுறை முதல் வரியிலேயே தடுமாறும். முழங்கை முழுதாக நீளாது. தோள்பட்டையைத் தூக்கினால் வலிக்கும். மணிக்கட்டு வீங்கியிருக்கும். இந்தக் கையில் இயந்திரம் தன் பாட்டுக்குக் காற்றை ஏற்றி இறுக்கும்போது குழந்தை மூச்சை அடக்கிக்கொள்கிறது, விரல்களை மடக்குகிறது, தோளை உயர்த்துகிறது. அப்போது திரையில் வரும் எண் அந்த நேரத்து வலியின் அளவுதான்.

ஆகவே முதலில் கேளுங்கள்: ‘இன்றைக்கு எந்தக் கை தேவலை?’ இரண்டு கைகளும் ஒரே மாதிரி இருந்தால் வலது. வலது கை வலித்தால் இடது. எதுவானாலும் அதை எழுதிவையுங்கள். அடுத்த முறையும் முடிந்தவரை அதே கை. முதல் வருகையில் மட்டும் இரண்டு கைகளிலும் ஒரு காலிலும் பார்த்துவிடச் சொல்லுங்கள். இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான மகாதமனி பிறவியிலேயே குறுகியிருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். மூட்டுவாதம் இருக்கிறது என்பதற்காகப் பிறவிக் குறை இருக்காது என்று சொல்ல முடியாது.

முழங்கை மடங்கியே இருக்கும் குழந்தைக்குக் கையை நீட்டச் சொல்லி இழுக்கவே கூடாது. மடங்கிய கோணத்தை அப்படியே விட்டு, முன்கையின் அடியில் மடித்த துண்டு ஒன்றை வைத்து, மேல்கை இதய மட்டத்துக்கு வரும்வரை உயர்த்துங்கள். கையின் கனம் முழுக்கத் துண்டில் இறங்க வேண்டும். என்னிடம் வரும் ஒரு சிறுமிக்கு வலது முழங்கை செங்கோணத்தைத் தாண்டி நீளாது. துண்டை எத்தனை மடிப்பாக மடிக்க வேண்டும் என்று அவளே சொல்வாள். கருவியின் பொத்தானையும் அவளே அழுத்துவாள். பொத்தான் தன் விரலில் இருக்கிறது என்பதே அவள் தோளைத் தளர்த்திவிடுகிறது. மற்றக் குழந்தைகளிடமும் இதைச் செய்து பாருங்கள்.

இனி மேல்கையில் சுற்றும் பட்டை. தோள் எலும்பின் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் மேல்கையின் சுற்றளவை அளக்க வேண்டும். பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பையின் அகலம் அந்தச் சுற்றளவில் குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும். நீளம் 80 முதல் 100 சதவீதம். சுற்றளவு 20 செ.மீ. என்றால் அகலம் 8 செ.மீ.க்குக் குறையக் கூடாது. பட்டை சிறிதாக இருந்தால் அழுத்தம் பொய்யாகக் கூடிக் காட்டும். ‘குழந்தைப் பட்டை’ என்று உறையில் எழுதியிருப்பதை நம்பிவிடாதீர்கள். ஸ்டீராய்டில் மேல்கை பருத்த 10 வயதுக் குழந்தைக்குப் பெரியவர்களுக்கான பட்டையே சரியாக இருக்கலாம். நோயால் தசை மெலிந்த குழந்தைக்கு வயதுக்குக் கீழான பட்டை தேவைப்படலாம். இரண்டு அளவுகளுக்கு நடுவில் விழுந்தால் பெரியதை எடுங்கள். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தையின் கைச்சுற்றளவு மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வருகையிலும் நான் அளவு நாடாவை எடுப்பது அதற்காகத்தான்.

தானியங்கிக் கருவியில் அழுத்தம் கூடுதலாக வந்தால், கையால் காற்றடிக்கும் கருவியும் ஸ்டெதாஸ்கோப்பும் கொண்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். வலி உள்ள கைக்கு இதில் இன்னொரு நன்மை இருக்கிறது. தானியங்கி தனக்குத் தோன்றிய உயரத்துக்கு இறுக்கும். கையால் அடிக்கும்போது, மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டே போய், நாடி மறையும் இடத்துக்கு மேல் 20, 30 மட்டும் ஏற்றினால் போதும். குழந்தைக்கு வலி குறையும். காற்றை இறக்கும்போது முதல் தட்டுச் சத்தம் கேட்கும் இடம் மேல் எண், சத்தம் மறையும் இடம் கீழ் எண். சில குழந்தைகளுக்குச் சத்தம் மறையாமலே இறங்கிக்கொண்டு போகும். ஸ்டெதாஸ்கோப்பை அழுத்தாமல் மெல்ல வைத்து இன்னொரு முறை கேட்க வேண்டும்.

ஊசி போடும் நாளிலோ ரத்தம் எடுக்கும் நாளிலோ அழுத்தம் பார்ப்பதை முதலில் முடித்துவிடுங்கள். ஊசியைப் பார்த்த பிறகு எடுத்த எண்ணால் யாருக்கும் பயனில்லை. மருந்து ஏறிக்கொண்டிருக்கும் கையில் பட்டை சுற்றக் கூடாது. இரண்டு கைகளும் முடியாத நாளில் காலில் பார்க்கலாம். ஆனால் காலில் மேல் எண் இயல்பாகவே கையைவிடக் கூடுதலாக இருக்கும் என்பதால் ‘கால்’ என்று தெளிவாக எழுத வேண்டும். மணிக்கட்டில் கட்டும் கருவி இந்தக் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

எந்த எண் கூடுதல்

‘120-க்கு 80’ என்ற பெரியவர்களின் கணக்கு 13 வயதுக்குப் பிறகுதான் செல்லும். அதற்குக் கீழே வயது, பாலினம், உயரம் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 2017-இல் வெளியிட்ட வழிகாட்டி பல நாடுகளில் கையாளப்படுகிறது. ஒரே வயது, ஒரே பாலினம், ஒரே உயரம் உள்ள நூறு குழந்தைகளை அழுத்தத்தின்படி வரிசையில் நிறுத்தினால் 90-ஆம் இடத்துக்குக் கீழே இருப்பது இயல்பு. 90 முதல் 95 வரை கவனிக்க வேண்டிய நிலை. 95-ஆம் இடமும் அதற்கு மேலும், வெவ்வேறு நாட்களில் மூன்று முறை வந்தால், உயர் ரத்த அழுத்தம். 13 வயது நிரம்பியவர்களுக்கு 130/80 முதல் நிலை, 140/90 இரண்டாம் நிலை.

அட்டவணை கையில் இல்லாதபோது பயன்படுத்த அதே வழிகாட்டியில் சுருக்கப் பட்டியல் ஒன்று உண்டு. ஆண் குழந்தைக்கு 5 வயதில் 103/63, 8 வயதில் 107/69, 12 வயதில் 113/75. பெண் குழந்தைக்கு அதே வயதுகளில் 104/64, 107/69, 114/75. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ நோய் என்று அர்த்தமில்லை. முழு அட்டவணையைப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

உயரத்தை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கட்டுக்குள் வராத நோயும் ஸ்டீராய்டும் வளர்ச்சியைக் குறுக்கும். 8 வயதுச் சிறுவனுக்கு மேல் எண் 112 வந்தால், வயதுக்கேற்ற உயரத்தைத் தாண்டி வளர்ந்தவனுக்கு அது எல்லையோரம். வயதுக்கு மிகக் குறைந்த உயரம் உள்ளவனுக்கு உயர் அழுத்தக் கோட்டையே தாண்டிய எண். ‘112 தானே’ என்று விட்டுவிடும் இடம் இதுதான். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. முழங்காலோ இடுப்போ முழுதாக நீளாத குழந்தை நிற்கும்போது உயரம் குறைந்து தெரியும். அப்படியானால் கோப்பில் ‘முழங்கால் மடக்கத்துடன் அளந்தது’ என்று எழுதச் சொல்லுங்கள்.

மருத்துவமனையில் மட்டும் ஏறி வீட்டில் இயல்பாக இருக்கும் குழந்தைகள் உண்டு. வாரா வாரம் ஊசி வாங்குபவர்கள் மருத்துவரின் வெள்ளை அங்கியைக் கண்டு பதறுவதில் வியப்பில்லை. சந்தேகம் இருந்தால் 24 மணி நேரமும் இடுப்பில் அணியும் கருவியை மருத்துவர் எழுதிக்கொடுப்பார். அதில் இரவு எண்களைக் குறிப்பாகப் பார்ப்பார்கள். தூக்கத்தில் அழுத்தம் ஏறத்தாழ 10 சதவீதமாவது இறங்க வேண்டும். மாட்டுவதற்கு முன் எந்தக் கை என்று சொல்லிவிடுங்கள். ஒரு நாள் முழுக்க இறுகித் தளரும் பட்டை வீங்கிய முழங்கைக்கு மேல் இருக்கக் கூடாது.

வீட்டில் எழுதவேண்டிய நோட்டு

மேல்கையில் சுற்றும் கருவி, குழந்தைகளுக்குச் சரிபார்க்கப்பட்டது, சரியான பட்டை. வாங்கியதும் ஒரு முறை மருத்துவமனைக்கு எடுத்துவந்து அங்கிருக்கும் கருவியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும் வாரத்தில் காலை இரண்டு முறை, மாலை இரண்டு முறை, இடையில் ஒரு நிமிடம் விட்டுப் பாருங்கள். நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தால் குழந்தை கருவியைக் கண்டாலே ஓடும்.

காலை நேரம் இந்தக் குழந்தைகளுக்குக் கடினமானது. எழுந்தவுடன் உடம்பு கட்டையாக இருக்கும். மருந்துக்கு முன் பார்ப்பதுதான் வழக்கம். ஆனால் விறைப்பு இளகும்வரை காத்திருங்கள்: வெந்நீரில் குளித்து, கொஞ்சம் நடந்து, பிறகு ஐந்து நிமிடம் உட்கார்ந்த பின் பட்டையைச் சுற்றலாம். அதற்குள் மாத்திரை கொடுக்க நேர்ந்துவிட்டால் ‘மாத்திரைக்குப் பின்’ என்று எழுதுங்கள், அவ்வளவுதான்.

நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கட்டும்: ‘காலை 8 மணி. இடது கை, நடுத்தரப் பட்டை. வலி பத்துக்கு 3. நாப்ராக்ஸன் நேற்று இரவு. பிரெட்னிசலோன் இரண்டாம் வாரம். 108/66, 106/64.’ இந்த ஒரு வரி கையில் இருந்தால், மருந்தைக் குறைப்பதா, வலியை அடக்குவதா, காத்திருப்பதா என்று மருத்துவர் அங்கேயே யோசிக்கத் தொடங்கிவிடலாம். வெறும் ‘108/66’ என்றால் மேற்கொண்டு பத்துக் கேள்வி கேட்க வேண்டியிருக்கும்.

மருந்துப் பட்டியலில் மருத்துவர் எழுதாதவற்றையும் சேருங்கள். காய்ச்சலுக்கு என்று கடையில் வாங்கிய இபுபுரோஃபன், ஏற்கெனவே நாப்ராக்ஸன் சாப்பிடும் குழந்தைக்கு இரட்டைச் சுமை. மூக்கடைப்பு மருந்துகளில் சூடோஎஃபெட்ரின், ஃபினைலெஃப்ரின் இருந்தால் அழுத்தம் ஏறும். தண்ணீரில் நுரைத்துக் கரையும் மாத்திரைகளில் சோடியம் ஏராளம். அதிமதுரம் தொடர்ந்து கொடுத்தால் அழுத்தம் கூடி, பொட்டாசியம் இறங்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்த நிகழ்வுகள் உண்டு. அப்படி ஒன்றைக் கொடுத்திருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். உங்களைக் கடிந்துகொள்ள அல்ல, குழந்தைக்கு எதை எப்படி நிறுத்துவது என்று முடிவுசெய்யவே கேட்கிறோம்.

எண் கூடினால்

முதலில் செய்யக்கூடாதது: ஸ்டீராய்டைத் தானாக நிறுத்துவது. சில வாரங்கள் தொடர்ந்து எடுத்த குழந்தையின் உடலில் இயற்கையாக ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியலாம். மூட்டு நோயும் சீறி எழும். படிப்படியாகக் குறைப்பது மருத்துவரின் கணக்கு.

அவசரம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். கடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்குதல், குழப்பம், வலிப்பு, மூச்சுத்திணறல், இவற்றில் எது இருந்தாலும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் மேல் எண்ணோ கீழ் எண்ணோ 95-ஆம் இட எல்லைக்கு மேல் 30 கூடினால், பதின்பருவத்தினருக்கு 180/120-ஐத் தாண்டினால், அன்றே போக வேண்டும். அதிக அளவு ஸ்டீராய்டும் சைக்ளோஸ்போரினும் சேர்ந்து ஓடும் நாட்களில் மூளை வீங்கி வலிப்பு வருவது உண்டு. உடனே அழுத்தத்தைக் கட்டுப்படுத்தினால் பெரும்பாலும் முழுதாகத் திரும்பிவிடும். நரம்பு வழியாக மெத்தில்பிரெட்னிசலோன் ஏற்றும்போது செவிலியர் அடிக்கடி வந்து அழுத்தம் பார்ப்பதும் இதற்காகத்தான். தொந்தரவாக நினைக்காதீர்கள், அவர் வரவில்லை என்றால் கூப்பிடுங்கள்.

அவசரமில்லாத ஏற்றத்தில் மருத்துவர் முதலில் மருந்தைத் திருத்தப் பார்ப்பார். வலி மருந்தின் தேவை குறைந்துவிட்டதா, அழற்சியைத் தூண்டும் குறிப்பிட்ட பொருள்களை மட்டும் தடுக்கும் உயிரியல் மருந்துக்கு மாறி ஸ்டீராய்டைக் குறைக்க முடியுமா என்று யோசிப்பார். நோய் அடங்கினால் வலியும் அடங்கும், ஸ்டீராய்டும் இறங்கும், குழந்தை ஓடும். அழுத்தத்துக்கு இதைவிட நல்ல வைத்தியம் எனக்குத் தெரியாது. அது போதாதபோது அம்லோடிபின், எனலாபிரில் போன்ற அழுத்தத்தைக் குறைக்கும் மருந்துகள் வரும். அம்லோடிபின் கணுக்காலில் நீர்வீக்கம் தரலாம். மூட்டுவாதக் குழந்தையின் கணுக்கால் வீங்கினால் எல்லோரும் மூட்டையே நினைப்பார்கள். விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா, காலை விறைப்பு கூடியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். எனலாபிரில் வறட்டு இருமல் தரலாம். கருவில் உள்ள சிசுவைப் பாதிக்கும் என்பதால் பருவமடைந்த பெண்களிடம் இதைத் தனியாக, மரியாதையோடு பேசியாக வேண்டும்.

எனலாபிரிலும் வலி மருந்தும் சேர்ந்து எடுக்கும் குழந்தைக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் சிறுநீரகம் அடிபடும். அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட்டு இரண்டையும் நிறுத்திவைப்பதா என்று கேளுங்கள். அதே நாளில் ஸ்டீராய்டு மாத்திரையும் வாந்தியில் வெளியேறினால், சோர்ந்து துவண்டால், தாமதிக்காமல் மருத்துவமனை. அங்கே ஊசியாகக் கொடுக்க வேண்டியிருக்கும். குழந்தைகளின் உடல் அழுத்தத்தைக் கடைசிவரை தாங்கிப்பிடிக்கும். எண் இறங்கும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

உப்பைக் குறையுங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகச் சொல்கிறது. குழந்தைகளுக்கு இன்னும் குறைவு. பொட்டலத் தின்பண்டங்களை நிறுத்தினாலே பெரும்பங்கு குறையும். ‘குறைந்த சோடியம்’ என்று விற்கும் மாற்று உப்பை மட்டும் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கும். எனலாபிரிலோ சைக்ளோஸ்போரினோ எடுக்கும் குழந்தைக்கு அது இதயத்துக்கே ஆபத்தாகலாம். நீச்சலும் சைக்கிளும் மூட்டைத் தாக்காமல் அழுத்தத்தைக் குறைக்கும். இரண்டாம் நிலை அழுத்தம் உள்ளவர்கள் மட்டும், அது கட்டுக்குள் வரும்வரை பளு தூக்குவது போன்ற போட்டிகளைத் தள்ளிவைக்க வேண்டும்.

அழுத்தத்தை ஏற்றும் மருந்து ஓடும்வரை ஒவ்வொரு வருகையிலும் பார்க்க வேண்டும் என்பதே அந்த 2017 வழிகாட்டியின் சொல். கண் மருத்துவரிடமோ பல் மருத்துவரிடமோ போகும்போதும் நோட்டைக் கையில் கொண்டுபோங்கள். மூட்டுவாதப் பிரிவில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால், அறையை விட்டு வெளியே வருவதற்கு முன் ‘இன்றைக்குப் பி.பி. பார்க்கவில்லையே’ என்று கேளுங்கள். கேட்கும் பெற்றோரை நாங்கள் ஒருபோதும் தொல்லையாக நினைப்பதில்லை.